தோபா கடல் அருங்காட்சியகம்: படகுக் கொட்டகையிலிருந்து தொடங்குங்கள்

ஜப்பானில் கடல் வரலாறு பார்க்க எங்கே போகலாம் என்று தேடினால் மூன்று பெயர்கள்தான் முன்னால் வந்து நிற்கும். யோகோஹாமாவில் 1930-இல் கட்டிய பயணிகள் கப்பல் ஹிகாவா மாரு. குரே நகரில் யமாட்டோ போர்க்கப்பலின் பத்தில் ஒரு பங்கு மாதிரி, அதுவே 26.3 மீட்டர் நீளம். யோகோசுகாவில் 1905 சுஷிமா கடற்போரில் அட்மிரல் தோகோ நின்ற போர்க்கப்பல் மிகாசா. மூன்றும் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் குப்பத்திலோ எண்ணூரிலோ வளர்ந்தவர், வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் போனவர், ஒரே ஒரு இடத்துக்குத்தான் விடுமுறை இருக்கிறது என்று கேட்டால், தோபாவுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். மற்ற மூன்று இடங்களும் நிறுவனங்களின் கடலையும் கடற்படையின் கடலையும் காட்டுகின்றன. தோபாவில் இருப்பது வலை இழுத்தவர்களின் கடல்.

தோபா, மியே மாகாணத்தில், ஈசே விரிகுடாவின் வாயில் இருக்கும் சின்னத் துறைமுக ஊர். இங்குள்ள கடல் அருங்காட்சியகம் 1971-இல் ஊருக்குள் தொடங்கியது. 1992-இல் ஊரைவிட்டுத் தள்ளி உராமுரா என்ற கடலோரப் பகுதிக்கு மாறியது. 2017 முதல் தோபா நகராட்சி நடத்துகிறது. சேகரிப்பில் சுமார் 60,000 பொருள்கள். அதில் 6,800-க்கும் மேற்பட்டவற்றை ஜப்பான் அரசு முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துப் பாதுகாக்கிறது. அப்படி என்ன சொத்து என்று பார்த்தால் தூண்டில் முள், ஈயக்குண்டு, மிதவை, வலை பின்னும் ஊசி, மீன் கூடை, கிழிந்து ஒட்டுப்போட்ட வேலைத் துணி. காசிமேட்டில் ஏலக் கொட்டகையிலிருந்து வார்ப்பு (படகு அணையும் மேடை) வரை நடந்தால் காலில் இடறும் சாமான்கள். அவற்றுக்கு அரசு முத்திரை குத்தி எண் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதே நம் பக்கத்து ஆள் அங்கே போய்ப் பார்க்க வேண்டிய முதல் செய்தி.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வடிவமைத்தவர் நைட்டோ ஹிரோஷி. உப்புக்காற்றுக்குத் தாங்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்ற இரண்டு கட்டாயத்திலிருந்து பிறந்த கட்டடம் இது. பொருள்களைப் பத்திரப்படுத்தும் கிடங்குகளை முன்வார்ப்புக் கான்கிரீட்டில் கட்டி, மேலே தகடு போடாமல் ஓடு வேய்ந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் தகரக் கூரை எத்தனை வருஷத்தில் சல்லடை ஆகிறது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. காட்சிக்கூடங்களின் உள்ளே அண்ணாந்து பார்த்தால், ஒட்டுமரத்தில் வளைத்த சட்டங்கள் கவிழ்த்த கப்பலின் வங்குகள் (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள்) போல வரிசையாக இறங்கும்.

போகும் வழி. நகோயாவிலிருந்து கின்டெட்சு விரைவு ரயிலில் தோபா வர ஏறக்குறைய 1 மணி 40 நிமிஷம். ஒசாகா நம்பாவிலிருந்து 2 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஜே.ஆர். பாஸ் (ஜே.ஆர். ரயில் நிறுவனங்களின் சுற்றுலாப் பயணச்சீட்டு) இருந்தால் கின்டெட்சு ரயிலில் செல்லாது. நகோயாவிலிருந்து ஜே.ஆரின் மியே விரைவு ரயிலில் வரலாம். ஆனால் அது நடுவில் ஈசே ரயில்வே என்ற வேறு கம்பெனியின் தடத்தில் கொஞ்ச தூரம் ஓடுகிறது. அந்தத் துண்டுக்கு மட்டும் ரயிலிலேயே தனிக் கட்டணம் கேட்பார்கள். பாஸ் இருக்கிறதே என்று வாக்குவாதம் செய்யாமல் கொடுத்துவிட வேண்டியதுதான். கடல் வழியாகவே வர ஆசைப்பட்டால், எதிர்க்கரையில் இராகோ முனையிலிருந்து கார் ஏற்றும் பெரிய படகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தோபாவில் இறக்கும். விரிகுடாவின் வாயைக் குறுக்கே கடக்கும் இந்தப் பாதையில் நீரோட்டம் எவ்வளவு முரட்டுத்தனமானது என்று நேரில் தெரியும். பின்னால் சொல்லப்போகும் கப்பல் சேதக் கதைக்கு அது நல்ல பாடம்.

தோபா நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு ஊர்ப் பேருந்தில் 35 நிமிஷம், இறங்கி ஐந்து பத்து நிமிஷ நடை. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பேருந்து அடிக்கடி கிடையாது. போய் இறங்கியவுடன் நிறுத்தத்தில் எழுதியிருக்கும் திரும்பும் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். சில்லறையும் வைத்திருங்கள். நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 800 யென். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் சில நாள் மூடுவார்கள். குளிர்காலத்தில் கொஞ்சம் முன்னதாகவே அடைத்துவிடுவார்கள். அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். விளக்கப் பலகைகளில் பெரும்பகுதி ஜப்பானிய மொழிதான். போனில் கேமராவை நீட்டி மொழிபெயர்க்கும் செயலியை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம்: உராமுரா சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். சாலையோரக் கொட்டகைகளில் ஓட்டோடு சுட்டுத் தருவார்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் காட்சிக்கூடத்துக்குள் திரும்புவார்கள். நீங்கள் நேராகப் படகுக் கொட்டகைக்குப் போங்கள். அங்கே எண்பதுக்கு மேற்பட்ட மரப் படகுகள் ஒன்றை ஒட்டி ஒன்றாக நிற்கின்றன. கண்ணாடிப் பெட்டி கிடையாது, விளக்கு ஜோடனை கிடையாது. ஃபைபர் படகு வந்து மரப் படகுகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றிய காலத்தில், விறகாகிப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கிச் சேர்த்தவை இவை. புதிதாகச் செய்து வைத்த மாதிரிகள் இல்லை. அடிப்பட்ட இடம், ஒட்டுப்போட்ட பலகை, கயிறு உரசித் தேய்ந்த விளிம்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நம் ஊரில் மரப் படகோடு பழகியவருக்கு இங்கே பலகை படிக்கத் தேவையே இல்லை. தொடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஒட்டு. ஒரு பலகையும் அடுத்த பலகையும் சேரும் கோடு.

நம் வல்லத்திலும் பழைய மர லாஞ்சிலும் ஏரா (நீளவாட்டு அடிமரம்) போட்டு, வங்கு நிறுத்தி, அதன்மேல் பலகையை அறைந்து, இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிப்பார்கள். ஜப்பானியப் படகில் இந்த வரிசையே கிடையாது. வங்கு இல்லை. அகலமான அடிப்பலகை ஒன்று, அதன் இரு பக்கமும் சாய்த்து ஏற்றிய பக்கப் பலகைகள், குறுக்கே சில விட்டங்கள், அவ்வளவுதான். பலகையின் விளிம்பும் விளிம்பும் முட்டி நிற்கின்றன. அந்த விளிம்புகள்தான் படகின் மொத்த பலமும். ஒட்டு விட்டுப்போனால் தாங்கிப் பிடிக்க உள்ளே எலும்பு எதுவும் இல்லை.

அந்த ஒட்டை எப்படிப் பிடிக்க வைத்தார்கள்? இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். எவ்வளவு இழைத்தாலும் நடுவில் எங்கோ வெளிச்சம் தெரியும். அப்போது இழைப்புளியைத் தொட மாட்டார்கள். மெல்லிய ரம்பத்தை அந்த ஒட்டுக்கோட்டிலேயே விட்டு இழுப்பார்கள். இரண்டு விளிம்பிலும் மேடாக இருக்கும் இடத்தை மட்டும் ரம்பப்பல் ஒரே நேரத்தில் சீவும். மறுபடி நெருக்கிக் கட்டி மறுபடி ரம்பம், இந்த முறை இன்னும் பொடிப்பல். இரண்டு மூன்று தடவை இப்படி விட்டால், ஒரு விளிம்பின் சொரசொரப்புக்கு மறு விளிம்பு பொருந்திவிடும். பிறகு சுத்தியலின் குவிந்த முகத்தால் விளிம்பின் நடுவில் வரிசையாகத் தட்டி மரத்தை அமுக்குவார்கள். அமுங்கிய மரத்தை மூடிப் பிணைத்துவிட்டால், படகு தண்ணீரில் இறங்கியதும் அது ஈரம் குடித்து மீண்டும் உப்பி அடுத்த பலகையை நெருக்கும். பல படகுகளில் பஞ்சே திணிக்காமல் ஒட்டு நின்றது இதனால்தான். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஹினோக்கி மரப்பட்டை நாரைத் திணித்தார்கள்.

இதில் கெட்டுப்போகும் இடமும் இருக்கிறது. பலமாக அடித்தால் நார் நொறுங்கும். நொறுங்கிய நார் திரும்ப எழும்பாது, ஒட்டு நிரந்தரமாக ஒழுகும். அடித்துவிட்டுப் பலகையைப் பூட்டாமல் போட்டு வைத்து மழை பிடித்துக்கொண்டால், பூட்டும் முன்னாலேயே உப்பிவிடும். செய்த வேலையெல்லாம் வீண். அதனால் அடிப்பதும் ஆணி இறக்குவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டிய காரியம்.

அடுத்து ஆணி. பலகையின் முகத்தில், விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில் சின்னச் சின்னச் சதுரப் பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். சிலவற்றில் மரக்கட்டை அடைத்திருக்கும், சிலவற்றின்மேல் செப்புத் தகடு. அந்தப் பள்ளத்திலிருந்து தட்டையான இரும்பு ஆணி சாய்வாக இறங்கி, ஒட்டைத் தாண்டி, பக்கத்துப் பலகையின் விளிம்புக்குள் நடுவாகப் போய் நிற்கிறது. நேராக அடித்தால் மறுபக்கம் துருத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்காகவே ஆணியைச் சற்று வளைத்துக்கொள்வார்கள். துளை போட ஒரு தனி உளி உண்டு. அதன் கழுத்தில் வாள் கைப்பிடியில் இருப்பதுபோல இரும்புக் காது நீட்டிக்கொண்டிருக்கும். உளியை அடித்து ஆழமாக இறக்கியபின் மரம் அதைக் கவ்விக்கொண்டு விடாது. கீழிருந்து அந்தக் காதில் இரண்டு தட்டு தட்டினால் வெளியே வந்துவிடும். கருவிகள் வைத்திருக்கும் இடத்தில் இதைத் தேடிப் பாருங்கள். ஆணித் தலை வெளியே தெரியாமல் புதைந்திருப்பதற்குக் காரணம் அழகு இல்லை, உப்புத் தண்ணீர். தலை துருப்பிடித்தால் ஆணியின் பிடி போகும். ஆணியின் பிடி போனால் ஒட்டு போகும்.

இப்போது நம் கரையை நினைத்துப் பாருங்கள். மரத்தை மரத்தோடு சேர்க்க மூன்று வழி. ஆணி அடிப்பது ஒன்று. இன்னொன்று கட்டுவது: கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் பிணைப்பது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் மிதக்கும் தெம்பை இழக்கும் என்பதால். மூன்றாவது தைப்பது: மசூலாப் படகு. மெல்லிய பலகைகளைக் கயிற்றால் தைத்து, ஒட்டின்மேல் உள்பக்கம் நார்த் திரணை வைத்து, அதையும் சேர்த்து இறுக்கிய படகு. இதிலும் வங்கு கிடையாது. சென்னைக்குத் துறைமுகம் வரும்முன், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை உடையும் வாயைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது இதுதான். ஆணி அடித்த விறைப்பான படகை அந்த அலை தூக்கி மணலில் அறைந்தால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்து, அடியை வாங்கிக்கொண்டு மேலே ஏறும். 1861-இல் இரும்புத் தூண் பாலம் வந்தது, பிறகு செயற்கைத் துறைமுகம் வந்தது. மசூலாவுக்கு வேலை போனது. இன்று சென்னைக் கரையில் அது இல்லை.

தோபாவில் ஏன் தைக்கவில்லை, ஏன் கட்டவில்லை என்று கொட்டகைக்குள் நின்று யோசித்தால் விடை தானாகவே கிடைக்கும். வெளியே வந்து பாருங்கள். கரை துண்டு துண்டாக மடிந்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் குளம்போல அமைதியான நீர். அலை உடையும் வாய் இல்லை. வளைந்து கொடுக்கும் படகு தேவையில்லை. பாறைகளுக்கு இடையில் சொன்ன இடத்தில் திரும்பும் இறுக்கமான படகுதான் தேவை. மலையில் நேராக உயர்ந்து வளரும் சுகி மரம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. படகின் வடிவத்தைக் கரையின் வடிவமும் பக்கத்து மலையின் மரமும்தான் முடிவு செய்கின்றன என்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் இடம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

படகின் பின்தலையில் நீளமான துடுப்பு ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானியர் ரோ என்பார்கள். நம் துடுப்புபோல இதைத் தண்ணீரிலிருந்து எடுத்து எடுத்துப் போடுவதில்லை. இரண்டு துண்டு மரத்தை லேசான கோணத்தில் ஒன்றோடொன்று சேர்த்திருப்பார்கள். அடித்துண்டு தட்டையான இலை, மேல்துண்டு கைப்பிடி. பின்தலையில் குமிழ்போல ஒரு சின்ன முளை. துடுப்பில் அதற்கேற்ற குழி. குழியை முளைமேல் வைத்து, கைப்பிடி முனையைப் படகின் தளத்தோடு ஒரு கயிற்றால் இணைப்பார்கள். நின்றுகொண்டு கைப்பிடியைத் தள்ளி இழுக்கும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் இலையின் சாய்வு மாறும். தண்ணீருக்குள்ளேயே எட்டு போட்டதுபோல அது வெட்டிப் போகும். இரண்டு பக்க வீச்சிலும் தள்ளுவிசை கிடைக்கும். லாஞ்சின் அடியில் சுற்றும் விசிறி இலை செய்யும் வேலையை இது முன்னும் பின்னும் ஆடிச் செய்கிறது. அந்தக் கயிறுதான் சூட்சுமம். தள்ளும்போது கைப்பிடி மேலே எழும்பப் பார்க்கும். கயிறு அதை அடக்கி, இலையின் சாய்வையும் சரியாக வைத்திருக்கும். கயிறு நீளமானால் துடுப்பு முளையிலிருந்து கழன்று ஓடும். புதிதாகப் பழகுகிறவர்கள் திணறுவதும் இதனால்தான்: கையால் அமுக்கிப் பிடிக்கப் பார்ப்பார்கள், கயிற்றை நம்ப மாட்டார்கள்.

காட்சிக்கூடத்தில் அதிக நேரம் நிற்க வேண்டியது அமா பெண்கள் பகுதியில். மூச்சடக்கி முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் அவாபி சிப்பியையும் கடற்பாசியையும் எடுக்கும் பெண்கள். தூத்துக்குடியில் சங்கு குளிப்பது ஆண்கள் தொழில். ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுப்பது பெண்கள். இங்கே இரண்டும் பெண்கள் கையில். கரையிலிருந்து நீந்திப்போய் முங்குகிறவர்கள் ஒரு வகை. படகில் போய் ஆழத்தில் இறங்குகிறவர்கள் இன்னொரு வகை. எடைக்குண்டைப் பிடித்துக்கொண்டு சர்ரென்று கீழே போவார்கள், மேலே படகில் கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருக்கும் நேரம் மொத்தம் ஒரு நிமிஷத்துக்குள். கயிறு அசைந்ததும் அவர் இழுத்தாக வேண்டும். மேலே வந்ததும் வாயைக் குவித்து விசிலடிப்பதுபோல மூச்சை நீளமாக விடுவார்கள். சட்டென்று காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் நிதானமாக மூச்சைச் சீர்ப்படுத்தும் வழி அது.

அங்கே வைத்திருக்கும் சாமான்களில் இரண்டைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஒன்று, சிப்பியைப் பெயர்க்கும் இரும்பு உளி. அவாபி ஆபத்தை உணர்ந்து பாறையைக் கவ்விக்கொண்டால் பிறகு ஒரு மனிதரால் பிரிக்க முடியாது. முதல் குத்திலேயே அடியில் நுழைத்துப் புரட்ட வேண்டும். உளியை மணிக்கட்டில் கயிறு போட்டு இறுகக் கட்டிக்கொண்டால், உளி பாறை இடுக்கில் மாட்டும்போது கையும் மாட்டும். இரண்டாவது, சிப்பியை அளக்கும் அளவுக் கருவி. மியே மாகாணத்தில் 10.6 சென்டிமீட்டருக்குக் குறைந்த அவாபியை எடுக்கக் கூடாது. எடுத்தால் திரும்பக் கடலில் விட வேண்டும். குளிர் தாங்கும் ரப்பர் முங்கு உடை வந்தபோதும், அதிக நேரம் முங்க முடிகிறது என்று ஊரே மகிழ்ந்துவிடவில்லை. பல ஊர்களில் கூடிப் பேசி, முங்கும் நாளையும் நேரத்தையும் குறைத்தார்கள். சுருக்குமடி வலைக்காக நம் கரையில் இவ்வளவு சண்டை நடக்கும்போது, கருவி வந்தால் நேரத்தைக் குறை என்ற அந்த ஏற்பாட்டை நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். ஜப்பான் முழுவதும் 1956-இல் 17,000-க்கும் மேல் இருந்த அமா பெண்கள் 2010 அளவில் சுமார் 2,000 ஆகிவிட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தத் தோபா, ஷிமா கரையில்தான்.

தலைத்துணியில் ஊதா நூலால் தைத்த நட்சத்திரமும் கட்டம்போட்ட கோலமும் தெரியும். ஒரே கோடாக இழுத்த நட்சத்திரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். அதுபோல ஆளும் திரும்பி வர வேண்டும் என்பது நம்பிக்கை. நிலையத்துக்குப் பக்கத்தில் மிக்கிமோட்டோ முத்துத் தீவில் வெள்ளை உடையில் முங்கிக் காட்டுவார்கள். 1893-இல் முத்து வளர்ப்பில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி முதல் வெற்றி பெற்ற கதையும் அங்கே இருக்கிறது. நேரம் மிஞ்சினால் போகலாம்.

சூரை மீன் பிடிக்கும் பகுதியை வேகமாகவே கடக்கலாம், ஒரு விஷயத்தைத் தவிர: தூண்டில் முள்ளில், மீனைக் கழலவிடாமல் தடுக்கும் எதிர்முள் கிடையாது. உயிரோடு நெத்திலி போன்ற பொடிமீனை வீசி, கடல்மேல் தண்ணீரைத் தூவினால், கீழிருக்கும் சூரைக்கு மேலே பொடிமீன் கூட்டம் துள்ளுவதாகத் தோன்றும். வெறி பிடித்துக் கவ்வும். கழியைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வீசினால், எதிர்முள் இல்லாததால் மீன் தானே கழன்று தளத்தில் விழும். கை வைத்துக் கழற்றும் நேரம் மிச்சம்.

பெரிய கப்பல் பகுதிக்கு வருவோம். அரிசி ஏற்றி ஒசாகாவுக்கும் எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) நடுவே ஓடிய ஒற்றைப் பாய்மரக் கப்பல்கள் தோபாவில் ஒதுங்கிக் காற்றுக்காகக் காத்திருக்கும். ஆயிரம் கோக்கு கப்பல் என்றால் சுமார் 150 டன் அரிசி ஏற்றுவது. 1785-இல் குராக்கு மாட்சுவெமோன் கனமான பருத்தி நூலில் ஒரே துணியாகப் பாய் நெய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் மெல்லிய துணிகளை அடுக்கித் தைத்த பாய்தான். நனைந்தால் கனக்கும், சீக்கிரம் கிழியும். புதுப் பாய் வந்ததும் கப்பல்கள் வேகமெடுத்தன.

இந்தக் கப்பலின் பலவீனம் சுக்கான். ஆழமில்லாத துறைகளுக்குள் நுழையும்போது மேலே தூக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, ராட்சசச் சுக்கானைக் கீல் போட்டுப் பூட்டாமல் கயிற்றில் தொங்கவிட்டார்கள். துறைக்குள் அது வசதி. வெளிக்கடலில் புயல் பிடித்து, பின்னாலிருந்து அலை அறைந்தால், முதலில் உடைவதும் அதுதான். சுக்கான் போனால் கப்பல் பக்கவாட்டில் திரும்பும். கவிழாமல் இருக்கப் பாய்மரத்தை வெட்டித் தள்ளுவார்கள், சரக்கை வீசுவார்கள். அதோடு கப்பல் உயிரோடு இருக்கும், ஆனால் போக்கு இருக்காது. வாடைக்காலத்தில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றும் குரோஷியோ நீரோட்டமும் சேர்ந்து பசிபிக்குக்குள் இழுத்துப் போகும்.

1832-இல் தோபாவிலிருந்து எடோவுக்குப் பாய் விரித்த ஹோஜுன் மாருவுக்கு நடந்தது இதுதான். 14 பேர். ஏறக்குறைய 14 மாதம் மிதந்து வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஃபிளாட்டரி முனைப் பக்கம் ஒதுங்கியபோது மூன்று பேர்தான் மிச்சம். அரிசி கையிருப்பு இருந்ததால் பட்டினி இல்லை. காய்கறி இல்லாமல் பற்சொறி நோயில் செத்தார்கள். அந்த மூவரில் சின்னவர் ஒட்டோக்கிச்சி. 1837-இல் அமெரிக்கக் கப்பல் ஒன்று இவர்களை ஊருக்குக் கொண்டுவந்தபோது, அந்நியக் கப்பலை விரட்டும் சட்டப்படி ஜப்பான் கரையிலிருந்து பீரங்கி சுட்டார்கள். ஒட்டோக்கிச்சிக்கு ஊர் மண்ணில் மறுபடி வாழக் கொடுத்து வைக்கவில்லை. 1867-இல் சிங்கப்பூரில் இறந்தார். 2020-இல் காசிமேட்டிலிருந்து கிளம்பிய விசைப்படகு ஒன்று பழுதாகி, வாரக்கணக்கில் மிதந்து மியான்மர் கரை சேர்ந்ததை மறக்காதவர்களுக்கு இந்தக் கதை பழங்கதையாகத் தோன்றாது. சுக்கானோ இயந்திரமோ, போக்கை இழந்த படகுக்கு நீரோட்டம்தான் மாலுமி.

புறப்படும் முன் மறுபடி கொட்டகைக்குப் போய், இந்தத் தடவை படகுகளை எப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். படகின் எடையைத் தண்ணீர் அடிமுழுக்கத் தாங்கும். தரையில் இரண்டே கட்டையில் உட்கார வைத்தால் நடு தொய்யும், ஒட்டு வாய் பிளக்கும். பல இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். திடீரென்று காய்ந்தால் பலகை வெடிக்கும். கடல் உப்பு உள்ளே இருக்கும்வரை அது காற்றின் ஈரத்தை இழுத்து ஆணியைத் தின்னும். சென்னையில் இதோடு கறையானும் சேரும்.

சுனாமிக்குப் பிறகு நம் கரை மொத்தமும் ஃபைபருக்கு மாறிவிட்டது. அது தேவைதான், கடலுக்குப் போகிறவரைப் பழைய மரத்தில் போ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் குப்பத்தின் ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கும் கடைசி மர வல்லமோ கட்டுமரமோ கண்ணில் பட்டால், கொட்டகை கட்ட முடியாவிட்டாலும் அளந்தாவது வைக்கலாம். அதற்கு டேப், கயிறு, ஈயக்குண்டு, சாக்பீஸ், போன் போதும். இரண்டு பேர் அரை நாளில் முடித்துவிடலாம்.

படகை முடிந்தவரை சமமாக நிமிர்த்தி, அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்தலை வரை நடுவில் ஒரு கயிறு விறைப்பாகக் கட்டுங்கள். அதில் அரை மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் குறி. ஒவ்வொரு குறியிலிருந்தும் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு உள் ஆழம், நடுக்கயிற்றிலிருந்து இரு பக்கத்து விளிம்புக்கும் உள்ள தூரம், இரண்டையும் எழுதுங்கள். இடதும் வலதும் சமமாக இருக்காது. பழைய படகு சாய்ந்திருக்கும். சமப்படுத்தி எழுதாமல், இருக்கிறதை இருக்கிறபடியே எழுதுங்கள். ஒட்டுகளைப் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அளவு தெரியாது. வெயில் சாய்வாக விழும் காலை எட்டு மணிக்கு உளித் தடம் தெளிவாக விழும், உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தக் குப்பத்தில் என்ன பெயர் என்று கடலுக்குப் போன பெரியவரிடம் கேட்டு, அவர் சொல்வதைக் குரலோடு பதிவு செய்யுங்கள். எண்ணூரில் ஒன்று சொல்வார்கள், பழவேற்காட்டில் வேறு சொல்வார்கள், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெய் என்ன பூசினார்கள், மீன் எண்ணெயா, குங்கிலியம் காய்ச்சியதா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையும் கேளுங்கள்.

கட்டுமரமாக இருந்தால் கட்டை அவிழ்க்கும் முன்பே அளக்க வேண்டும். அவிழ்த்தபின் மரங்களின் இடைவெளியும் அணியத்தின் நிமிர்வும் கிடைக்காது. கயிறு எந்த மரத்தின் அடியில் நுழைந்து எங்கே மேலே வருகிறது, எத்தனை சுற்று, முடிச்சு எந்தப் பக்கம் என்பதை, கட்டுகிறவரையே மெதுவாகக் கட்டச் சொல்லி மேலிருந்து வீடியோ எடுங்கள். மரங்களுக்கு இடமிருந்து வலமாக எண் எழுதிவிட்டுத்தான் அவிழ்க்கச் சொல்ல வேண்டும். நனைந்த மரத்துக்கும் காய்ந்த மரத்துக்கும் எடை வெகுவாக மாறும் என்பதால், எடை போட்டால் கரையேறி எத்தனை நாள் ஆனது என்பதையும் அதே வரியில் குறித்துவிடுங்கள்.